வெள்ளை நூல் குட்டிக்கு நான் கொடுத்தது

1. முதல் நாள்

கென்னல் வேலைக்குப் போன முதல் நாளே என் கண் முன்னால் ஒரு குட்டி செத்தது.

அதற்கு முன் பதினாறு வருஷம் திருவனந்தபுரத்தில் கட்டட வேலை பார்த்தேன். எனக்கு ஊர் வள்ளியூர்ப் பக்கம். வீட்டுக்காரர் கொத்தனார், நான் சித்தாள். முட்டி தேய்ந்து சாரத்தில் ஏற முடியாமல் ஆனது. நெடுமங்காடு போகும் ரோட்டில் நாய் வளர்க்கிற கென்னலில் கூட்டிக் கழுவ ஆள் வேண்டும் என்றார்கள். போனேன்.

முதலாளி மலையாளி. துபாயில் வேலை பார்த்துத் திரும்பியவர். எங்கள் ஆட்களோடு பேசிப் பழகித் தமிழ் வரும், பாதி மலையாளமாக வரும். எட்டு நாய் வைத்திருந்தார். எல்லாம் கிரேட் டேன். நின்றால் அதன் முதுகு என் இடுப்புக்கு மேலே இருக்கும். முதலில் பயந்தேன். பிறகு தெரிந்தது, அவ்வளவு பெரிய நாய்க்குத்தான் அவ்வளவு பயம். தட்டு விழுந்தால் ஓடி ஒளியும்.

அன்று காலை சீமா என்ற பெட்டை குட்டி போட்டுக்கொண்டிருந்தது. முதலாளி என் கையில் இருந்த விளக்குமாற்றை வாங்கி வைத்தார்.

"பேச்சியம்மே, பெருக்கினது மதி, போதும். இங்க இரி. கண்ணெடுக்கக் கூடாது. அவ படுக்கும்போ குட்டி அடியில போயிரும்."

பலகையால் அடித்த பெரிய பெட்டி. உள்ளே சுவரில் இருந்து நாலு விரல் தள்ளிச் சுற்றிலும் ஒரு கட்டை ஓடும். தாய் சாய்ந்தாலும் குட்டி அந்தச் சந்தில் பிழைத்துக் கிடக்கத்தான் அந்தக் கட்டை. சின்ன ஜாதி நாய்க்கு இவ்வளவு தேவையில்லை. இது அறுபது கிலோ தாய். குட்டி அரைக் கிலோ.

பதினொன்று போட்டது. அழுக்குத் துணியை வாளியில் போடத் திரும்பினேன். அவ்வளவுதான். சீமா திரும்பிப் படுத்துவிட்டது. சத்தமே கேட்கவில்லை. அதைத் தள்ளிக் குட்டியை எடுத்தேன். சூடு இருந்தது, மூச்சு இல்லை.

முதலாளி வாங்கிப் பார்த்தார். திட்டவில்லை.

"போகட்டே. பாக்கி பத்து உண்டு. அதை நோக்கு."

அன்றிலிருந்து நான் கூட்டுகிற ஆள் இல்லை. குட்டி பார்க்கிற ஆள்.

2. நூல்

பத்தும் ஒரே மாதிரி சாம்பல் நிறம். அடையாளத்துக்குக் கழுத்தில் கலர் நூல் கட்டுவோம். மூன்று நாளுக்கு ஒரு தரம் அவிழ்த்துத் தளர்த்திக் கட்ட வேண்டும். மறந்தால் கழுத்தை அறுத்துவிடும். அவ்வளவு வேகமாக வளரும் ஜாதி.

கென்னலில் குட்டிக்குப் பேர் வைக்க மாட்டார்கள். வாங்குகிறவர்கள் வைக்க வேண்டும். நமக்குச் சிவப்பு நூல், பச்சை நூல்தான்.

தினமும் காலையில் தராசில் வைப்போம். மற்றதெல்லாம் ஐநூறு, அறுநூறு கிராம் இருந்தது. வெள்ளை நூல் முந்நூற்றி எண்பது. ஆண் குட்டி. தாய் அதை மூக்கால் ஒதுக்கித் தள்ளியது. பால் குடிக்க மற்றவை விடவில்லை. இரண்டு மணிக்கொரு தரம் நான் பாட்டிலில் கொடுத்தேன்.

முதல் தடவை மடியில் மல்லாக்கப் போட்டுக் கொடுத்தேன். பிள்ளைக்கு அப்படித்தானே கொடுப்போம். மூக்கு வழியாகப் பால் வந்தது. அந்த நேரம் டாக்டர் வந்தார். சின்ன வயசுப் பெண், வாரம் ஒரு நாள் ஸ்கூட்டரில் வருவார். குட்டியைப் பிடுங்கித் தலைகீழாகப் பிடித்து மூக்கை வழித்தார்.

"சேச்சி, இது மனுஷக் குஞ்ஞு இல்ல. மல்லாத்தினா பால் நெஞ்சில போகும். கவுத்து வைக்கணும், தலை மட்டும் மேல."

கற்றுக்கொண்டேன். குடித்து முடித்தபின் ஈரப் பஞ்சால் அடிவயிற்றைத் துடைக்க வேண்டும். அப்போதுதான் மூத்திரம் போகும். தானாகப் போகத் தெரியாது. பால் கொடுக்கும் முன் உடம்பு சூடாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குளிர்ந்த குட்டிக்குப் பால் கொடுத்தால் வயிற்றில் தங்கிச் செத்துவிடும். எல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும்.

ஆனால் ஒன்று அவர் சொல்வதற்கு முன்பே எனக்குள் இருந்தது. என் மூத்தவன் கட்டட ஷெட்டில் பிறந்தான். ஒரு கை அளவு. தங்காது என்று எல்லாரும் சொன்னார்கள். கஞ்சித் தண்ணி, முட்டை, கிடைத்ததை எல்லாம் ஊட்டினேன். தங்கினான். இப்போது லாரி ஓட்டுகிறான். சின்னதாகப் பிறந்தால் கூடுதலாகப் போட வேண்டும் என்று நான் அங்கே படித்திருந்தேன். அது நாய்க்கும் சரி என்றுதான் நினைத்தேன்.

3. அட்டை

கென்னலுக்குக் குட்டி வாங்க வருகிறவர்கள் முதலில் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். குனிந்து முன்னங்காலைப் பிடித்து அமுக்குவார்கள். "போன் உண்டோ?" என்று கேட்பார்கள், எலும்பைத்தான். கால் கட்டையாக, தடியாக இருந்தால் நல்ல குட்டி. அதனால் எல்லா இடத்திலும் செய்கிற வேலை ஒன்று உண்டு. கால்சியம் டானிக் ஊற்றுவது. கூட முட்டை, எலும்புச் சூப்பு, பால்பொடி. எங்கள் இடத்திலும் முன்பு அப்படித்தான்.

இந்த டாக்டர் வந்த பிறகு அதை நிறுத்தினார். முதலாளிக்கும் அவருக்கும் என் முன்னால்தான் வாக்குவாதம் நடந்தது. முதலாளி, இருபது வருஷமாக எல்லாரும் கொடுக்கிறார்கள், இது புஸ்தகக் காரியம் என்றார். டாக்டர் சத்தம் போடவில்லை. போன ஈற்றில் விற்ற இரண்டு குட்டி கால் வளைந்து திரும்பி வந்ததை ஞாபகப்படுத்தினார். முதலாளி பிறகு சரி என்றார்.

டாக்டர் என்னிடம் சொன்னது இது.

"சேச்சி, பெரிய நாய் மெல்ல வளர்ந்தா மதி. எலும்பு பழுக்கும் முன்னே சதை ஏறக்கூடாது. குட்டி மெலிஞ்சு இருக்கட்டும். விலாவில கை வச்சா எலும்பு கிட்டணும். கண்ணுக்குத் தெரிய வேண்டாம்."

ஒரு அட்டை எழுதிக் குட்டி அறைச் சுவரில் மாட்டினார். எனக்கு இங்கிலீஷும் மலையாளமும் வாசிக்கத் தெரியாது. அதனால் படம் வரைந்து தந்தார். மூன்று கிண்ணம், ஒவ்வொன்றுக்கும் எத்தனை கப் என்று கோடு. டானிக் பாட்டில் படம், அதன் மேல் பெரிய பெருக்கல் குறி. கீழே நாளுக்கு ஒரு கட்டம். கொடுத்ததும் டிக் போட வேண்டும்.

பெரிய ஜாதிக் குட்டிக்கென்றே தனியாக வருகிற தீனி. அதில் எல்லாம் அளவாக இருக்கிறது, மேலே ஒன்றும் போடாதே என்றார். மூன்று வாரம் அப்படியே கொடுத்தேன். டிக் போட்டேன்.

4. சாமி

ஒன்பது குட்டி எட்டு வாரத்தில் விற்றுப் போய்விட்டது. வெள்ளை நூல் மட்டும் இருந்தது. அதற்கும் ஆள் வந்தாயிற்று.

கிழக்கேகோட்டை அக்ரஹாரத்தில் ஒருவர். பேங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். மலையாளிகள் எல்லாரும் அவரைச் சாமி என்று கூப்பிடுவார்கள். நாங்களும் அப்படியே. குட்டி பார்க்க வந்த அன்று மற்றதெல்லாம் குரைத்து ஓடியது. வெள்ளை நூல் மட்டும் அவர் செருப்பின் மேல் தலையை வைத்துத் தூங்கிவிட்டது. இது போதும் என்றார்.

அக்ரஹாரத்து வீடு ஒடுக்கமாக நீண்டு கிடக்கும். முதலாளிக்குச் சிரிப்பு.

"சாமி, நிங்ஙளுடைய வீட்ல இது வளர்ந்து திரும்பணும்னா தெருவுக்கு இறங்கித் திரும்பணும்."

"திரும்பாட்டா என்ன? நேரா வரட்டும், பின்னாலயே போகட்டும்," என்றார் சாமி.

அவர் வீட்டுத் தரை பழைய சிவப்புத் தரை. கண்ணாடி மாதிரி இருக்கும். பெரிய ஜாதிக் குட்டி வழுக்கும் தரையில் நடந்தால் இடுப்பு மூட்டு கெட்டுப்போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாமி வாசலில் இருந்து கொல்லை வரைக்கும் கயிற்றுப் பாய் நெய்யச் சொல்லியிருந்தார். அதோடு வீட்டு மாமிக்குக் கண் ஆபரேஷன் வேறு. இரண்டும் முடியட்டும், நாலு மாசக் குட்டியாக எடுத்துக்கொள்கிறேன் என்றார். முதலாளி ஒத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் பஸ்ஸில் வருவார். வாசலில் மருந்துத் தண்ணீரில் கால் நனைத்துத்தான் உள்ளே வருவார். நான் சொல்ல வேண்டியதில்லை. குட்டி பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். குட்டி பேப்பரைக் கிழிக்கும். கிழிந்த பக்கத்தை விட்டு அடுத்த பக்கம் படிப்பார்.

ஒரு ஞாயிறு அவர் குட்டியின் விலாவைத் தடவிப் பார்த்தார்.

"என்ன பேச்சி, எலும்பும் தோலுமா இருக்கானே? இவனுக்கு வெக்கறதை நீயே சாப்ட்டுடறியோ?"

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அவர் விளையாட்டாகச் சொன்னது எனக்குத் தெரியும். ஆனால் சோற்று விஷயத்தில் எனக்கு விளையாட்டு பழக்கமில்லை. அன்று சாயங்காலம் பாத்திரம் கழுவும்போதும் அதுவே மனசில் ஓடியது.

5. நான் செய்தது

மறுநாள் ஆரம்பித்தேன். அட்டையில் இருக்கிற தீனியைக் கொடுத்தேன். கூட ஒரு முட்டை. பக்கத்து வீட்டுப் பால் ஒரு டம்ளர். விழிஞ்ஞத்தில் இருந்து மீன்காரி வருவாள். மீன் தலை கேட்டு வாங்கி, வேகவைத்து முள் எடுத்துச் சோற்றோடு பிசைந்து கொடுத்தேன். ஸ்டோர் ரூமில் பழைய கால்சியம் பாட்டில்கள் இரண்டு பெட்டி கிடந்தன. முதலாளி எறியாமல் வைத்திருந்தார். காலையில் இரண்டு மூடி, சாயங்காலம் இரண்டு மூடி ஊற்றினேன். அந்த டானிக் இனிப்பு. குட்டி மூடியை நக்கும்.

அட்டையில் டிக் போட்டேன். பொய் என்று நினைக்கவில்லை. அட்டையில் உள்ளதைக் கொடுத்தேன் அல்லவா, அதற்கு டிக். மேலே கொடுத்ததற்கு அட்டையில் இடமில்லை. அப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

குட்டி ஏறியது. பத்துக் குட்டியில் சின்னதாகப் பிறந்தது மாதிரி இல்லை. மணிக்கட்டு உருண்டு திரண்டு வந்தது. முதலாளி காலை அமுக்கிப் பார்த்து, "போன் வந்நு," என்றார். டாக்டரின் அட்டைதான் செய்தது என்று அவர் நம்பினார். சாமிக்குச் சந்தோஷம். இப்போதுதான் ஆம்பளை மாதிரி இருக்கிறான் என்றார். உள்ளுக்குள் எனக்குப் பெருமை.

டாக்டர் மட்டும் சந்தோஷப்படவில்லை. தராசைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். இவ்வளவு ஏறக் கூடாதே என்றார். தீனியில் கால் பங்கு குறைத்து எழுதினார். நான் கால் பங்கு தீனியைக் குறைத்தேன். அந்த இடத்தில் சோறு போட்டேன்.

6. எட்டு நாள்

குட்டிக்கு மூன்றரை மாசம். ஒரு காலையில் நான் கதவைத் திறந்தபோது எழுந்து வரவில்லை. வாலை மட்டும் ஆட்டியது. தூக்கி நிறுத்தினேன். முன்னங்காலை மாற்றி மாற்றி வைத்தது. மணிக்கட்டுக்கு மேலே வீங்கி இருந்தது. தொட்டால் கொதித்தது.

டாக்டர் வந்தார். நூற்றி நாலு காய்ச்சல். தீனியில் ஏதாவது மாற்றம் உண்டா என்று முதலில் கேட்டார். முதலாளி சுவரைக் காட்டினார். டாக்டர் அட்டையை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். எல்லாக் கட்டத்திலும் டிக் இருந்தது.

"சேச்சி போட்ட கணக்கு தெற்றாது, தப்பாது. அப்போ தீனி அல்ல," என்றார்.

உண்ணிக் காய்ச்சலாக இருக்கும் என்று ரத்தம் எடுத்தார். இங்கே மழைக்காலத்தில் அது நிறைய வரும். மாத்திரை கொடுத்தார்.

நான் கிண்ணத்தோடு நின்றேன். சொல்ல வேண்டிய இடம் அதுதான். ஒரே வார்த்தை. ஆனால் முதலாளி முன்னால் என்னை அவ்வளவு நம்பிச் சொல்லிவிட்டார். என் வாழ்க்கையில் படித்த ஒருத்தர் நான் எழுதியதைப் பார்த்துச் சரி என்று சொன்னது அதுதான் முதல் தடவை. நாளைக்குச் சொல்லுவோம் என்று நினைத்தேன். மாத்திரையில் சரியாகிவிட்டால் சொல்லவே வேண்டாம் என்றும் நினைத்தேன். சொன்னால் குட்டியை என் கையில் இருந்து எடுத்துவிடுவார்கள் என்ற பயமும் இருந்தது.

ரத்த ரிப்போர்ட் தெளிவாக இல்லை. டாக்டர் மாத்திரையைத் தொடரச் சொன்னார்.

அந்த எட்டு நாளும் டானிக் கொடுத்தேன். இதை எழுதாமல் விடலாம். எழுதுகிறேன். குட்டிக்குக் காலில் வலி, எலும்புக்கு இது பலம் என்று எனக்கு நானே சொன்னேன். சாப்பிடாமல் இருந்ததால் ஊசிக் குழாயில் எடுத்து வாய் ஓரத்தில் விட்டேன். அது நாக்கை நீட்டி விழுங்கியது. நான் கொடுத்தால் எதையும் விழுங்கும்.

எட்டாம் நாள் அது எழவில்லை. முன்னங்கால் இரண்டும் வெளிப்பக்கமாக வளைந்து போயிருந்தது. துணி மாற்றக் காலைத் தூக்கினேன். என் கையைக் கடித்தது. தோல் கிழியவில்லை. கடித்துவிட்டு அதே இடத்தை நக்கியது.

டாக்டருக்கு ஃபோன் போயிற்று. டவுனுக்குக் கொண்டு வாருங்கள், எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்றார்.

7. எக்ஸ்ரே

வண்டியில் என் மடியில்தான் கிடந்தது. ரோட்டில் பள்ளம் வரும்போதெல்லாம் முனகும். முதலாளி மெதுவாக ஓட்டினார்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எலும்பு முனைகளைக் காட்டினார். அங்கே வெள்ளையும் கறுப்பும் கலைந்து கிடந்தது. நல்ல குட்டியின் படம் ஒன்றைப் பக்கத்தில் வைத்தார். அது நேர் கோடாக இருந்தது. அப்போது புரிந்தது.

"இது உண்ணி அல்ல. இதுக்கு ஆரோ கால்சியம் கொடுத்திருக்கு. கொஞ்சமல்ல."

முதலாளி தலையை ஆட்டினார். "நம்ம கென்னல்ல இல்ல டாக்டரே. அதெல்லாம் நிறுத்தி மூணு மாசமாச்சு. கார்டு கண்டதல்லே?"

டாக்டர் என்னைப் பார்த்தார்.

"நான்தான் குடுத்தேன்," என்றேன்.

"எத்தர நாளா?"

"அம்பது நாளிருக்கும். முட்டை, பாலு, மீனு எல்லாம் குடுத்தேன்."

"காய்ச்சல் வந்த பின்னே நிறுத்தியோ?"

"இல்ல. இன்னைக்குக் காலையிலயும் குடுத்தேன்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"முதல் நாள் நான் கேட்டேன் அல்லே, சேச்சி. அன்னிக்கு நிறுத்தியிருந்தா..." அதற்கு மேல் சொல்லவில்லை. மருந்து எழுத ஆரம்பித்தார்.

திரும்பி வரும் வழியில் கென்னல் நெருங்கும்போது முதலாளி கேட்டார்.

"நீ பறயாட்டி நான் அறியமாட்டேன். அந்தக் கடையில வாங்கின தீனி மோசம்னு நினைச்சிருப்பேன். எதுக்குச் சொன்னே?"

"அவங்க கேட்டாங்க."

"அன்னிக்கும் கேட்டாங்கல்லே?"



8. பன்னிரண்டு நாள்

டானிக் நின்றது. முட்டை, பால் நின்றது. வலிக்கு மருந்து, காய்ச்சலுக்கு மருந்து. இந்த நோய் லேசாக இருந்தால் குட்டி ஒரு வாரத்தில் எழுந்துவிடும் என்றார் டாக்டர். இரண்டு நாள் காய்ச்சல் இறங்கியது. மூன்றாம் நாள் திரும்ப ஏறியது. இருபத்தாறு கிலோ இருந்தது, பத்தொன்பதுக்கு வந்தது. நான் ஏற்றிய எடை எல்லாம் என் கண் முன்னால் இறங்கியது.

இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் போட்டேன். பெரிய நாய் ஒரே பக்கம் கிடந்தால் முழங்கையில் புண் வரும். வந்தது. கழுவி மருந்து வைத்தேன். காலை வெயிலுக்கு முதலாளியும் நானும் சாக்கோடு தூக்கிக்கொண்டு போவோம். அவருக்கு முதுகு வலி. சொல்ல மாட்டார்.

குட்டியை என்னிடம் இருந்து எடுக்கவில்லை. நான்தான் பார்த்தேன். அதுதான் எனக்குத் தண்டனை என்று நினைத்துக்கொண்டேன். குட்டி என்னைக் கண்டால் வாலை ஆட்டும். அதற்கு ஒன்றும் தெரியாது.

ஞாயிறு சாமி வந்தார். குடையை மடக்கும் முன்னே நான் போய்ச் சொன்னேன். முதலாளி சொல்வதற்குள் நானே சொல்ல வேண்டும் என்று கேட்டு வைத்திருந்தேன். அட்டையை, டானிக்கை, எட்டு நாளை, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் நின்றபடியே கேட்டார். "நான் அன்னிக்கு எலும்பும் தோலும்னு சொன்னேனே, அதனாலயா?"

"நீங்க சொன்னதால இல்ல சாமி. நான் செஞ்சேன்."

"ஆசையாத்தானே குடுத்தே."

"ஆசையாத்தான் குடுத்தேன். அதான் காலு போச்சு."

அவர் உள்ளே போய்க் குட்டி பக்கத்தில் உட்கார்ந்தார். பேப்பர் கொண்டு வரவில்லை. மத்தியானம் வரை இருந்தார்.

பன்னிரண்டாம் நாள் டாக்டர் முதலாளி, சாமி இரண்டு பேரையும் வரச் சொன்னார். வளர்கிற எலும்பு முனை கெட்டுவிட்டது, நிமிராது, வலி நிற்காது என்றார். பத்துக் கிலோ நாயாக இருந்தால் வைத்துப் பார்க்கலாம், இது எழுபது கிலோ ஆகிற ஜாதி, அந்தக் கால் தாங்காது என்றார். முதலாளி, சாமி சொல்வது போலச் செய்யலாம் என்றார்.

சாமி ஒன்றே ஒன்று கேட்டார். "இப்ப வலிக்கறதா அவனுக்கு?"

"உண்டு சார். மருந்துக்கு அடங்கல."

"அப்போ எனக்காக வெச்சுண்டிருக்க வேண்டாம்."

அடுத்த நாள் காலை பத்து மணி. டாக்டர் ஊசி எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, பிடித்தது ஏதாவது கொடுப்பதானால் கொடு, சேச்சி என்றார். நான் அடுப்படிக்குப் போனேன். முட்டை இருந்தது. பால் இருந்தது. எதைத் தொடவும் கை வரவில்லை. எதைக் கொடுக்க என்று தெரியாமல் அங்கேயே நின்றேன். சாமி டிபன் பாக்ஸில் தயிர்சாதம் கொண்டு வந்திருந்தார். விரலில் தொட்டுக் கொடுத்தார். இரண்டு தடவை நக்கியது.

தலை என் மடியில் இருந்தது. கவிழ்ந்து, தலை மட்டும் மேலே. முதல் ஊசியில் தூங்கியது. இரண்டாவதில் மூச்சு நின்றது. கழுத்தில் நூல் இருந்த இடத்தில் ரோமம் படிந்து கோடு விழுந்திருந்தது. டாக்டர் சீட்டு எழுதப் பேர் கேட்டார். சாமி, வீட்டுக்கு வந்த அன்று வைக்கலாம் என்று இருந்தேன் என்றார். பேர் இல்லாமலே எழுதினார்கள்.

கென்னலுக்குப் பின்னால் ரப்பர் மரத்தடியில் குழி எடுத்தோம். எனக்குக் குழி வெட்டத் தெரியும். கட்டட வேலையில் எத்தனையோ அஸ்திவாரம் வெட்டியிருக்கிறேன். முட்டியைப் பார்க்காமல் நானே வெட்டினேன்.

9. பிறகு

முதலாளி என்னை அனுப்பவில்லை. ஒரு வாரம் கழித்து ஸ்டோர் ரூமில் இருந்த பாட்டில்களை எல்லாம் அவரே எடுத்துச் சாக்கடையில் ஊற்றினார். எறியாமல் வைத்தது என் தெற்று என்றார். சாமிக்கு அடுத்த ஈற்றில் ஒரு குட்டி தருகிறேன் என்று ஃபோன் செய்தார். அவர் வேண்டாம் என்றாராம். பிறகு அவர் வரவில்லை.

இது நடந்து ஏழெட்டு வருஷம் ஆகிறது. அதே கென்னலில்தான் இருக்கிறேன். எத்தனையோ ஈற்று பார்த்துவிட்டேன். அட்டையில் கீழே இன்னொரு கட்டம் போடச் சொல்லி டாக்டரிடம் கேட்டு வாங்கினேன். அட்டையில் இல்லாதது எது கொடுத்தாலும் அதில் தமிழில் எழுதுவேன். தரையில் விழுந்த பிஸ்கட் துண்டு என்றாலும் எழுதுவேன். டாக்டர் வந்ததும் அதை வாசித்துக் காட்டுவேன்.

இப்போது இந்த வேலைக்கு எங்கள் பக்கத்துப் பெண்கள் நிறைய வருகிறார்கள். நாய் ஆஸ்டல், நாய் கிளினிக் என்று டவுன் முழுக்க இருக்கிறது. அவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். பெரிய ஜாதிக் குட்டி ஒல்லியாக இருந்தால் பயப்படாதே. வருகிறவர் கேலி செய்தால் செய்யட்டும். படி ஏற விடாதே, வழுக்கும் தரையில் விடாதே, மேலே ஒன்றும் ஊற்றாதே. பசிக்கிற மாதிரி பார்க்கும். அதற்குப் பார்வையே அப்படித்தான்.

பசி கண்ட நம்மைப் போன்றவர்கள் கூடுதலாகப் போட்டுத்தான் கெடுப்போம், குறைத்துப் போட்டு அல்ல. அதை நான் தெரியாமல் செய்தேன். டாக்டர் கேட்டபோது வாயை மூடிக்கொண்டு நின்றது தெரிந்து செய்தது. தெரியாமல் செய்ததற்கு அன்று அவரிடம் மருந்து இருந்தது.